குறையக்கூடிய கீர்த்தி

முன்பெல்லாம் ஓர் ஊருக்குப் புதிதாக ஒருவன் வந்தால், "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அடுத்தபடி, "யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். அதற்கும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு; அதை மட்டும் வாய்விட்டுக் கேட்காமல் சுற்றி வளைத்துத் தெரிந்துகொண்டு விடுவார்கள். பிறகு படிப்பின் காலம் வந்தது. "பையன் எதுவரை படித்திருக்கிறான்?" என்றார்கள். அதற்குப் பின் சம்பளத்தின் காலம். இப்போது சதுரங்கப் போட்டி நடக்கிற ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் போய் நின்று பாருங்கள். உள்ளே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெளியே தகப்பன்மாரும் தாய்மாரும் தண்ணீர்ப் புட்டியும் தயிர்சாதப் பொட்டலமுமாகக் காத்திருப்பார்கள். அங்கே ஊரைக் கேட்பாரில்லை, பேரைக் கேட்பாரில்லை. "ரேட்டிங் எத்தனை?" என்பதுதான் முதல் விசாரணை. "1,520" என்று ஒருவர் சொல்லுவார். "1,710" என்று மற்றவர் அடக்கத்தோடு சொல்லுவார். அந்த அடக்கத்தைப் பார்த்தாலே இருவரில் யாருடைய பிள்ளை கெட்டிக்காரன் என்று தெரிந்துவிடும்.

ஒரு மனிதனுடைய திறமையை நான்கு இலக்கத்துக்குள் அடக்கிவிடலாமா? "கூடாது, மனிதன் எண்ணுக்கு அப்பாற்பட்டவன்" என்று சட்டென்று பதில் சொல்லிவிடுவது என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு வழக்கம். சொல்லுவதற்கும் நன்றாயிருக்கும், கேட்பதற்கும் நன்றாயிருக்கும். ஆனால் நான் அந்தக் கட்சியில் சேருவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், வீரர்களை எண்ணிப் பார்ப்பது நமக்கொன்றும் புதிதல்ல. கதை எழுதுகிறவர்களே அதைச் செய்திருக்கிறார்கள்.

கல்கி அவர்கள் 1950-ல் தொடங்கி 1954 வரை பத்திரிகையில் எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் பெரிய பழுவேட்டரையரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய திருமேனியில் எத்தனை விழுப்புண்கள்? அறுபத்து நான்கு. இதைத் தமிழ்நாட்டில் கதை படிக்கிறவர்களில் மறந்தவர் அதிகம் இருக்கமாட்டார்கள். மீசையைப் பற்றியும் பொக்கிஷத்தைப் பற்றியும் எழுதியிருந்தாலும், அந்தக் கிழவருடைய கம்பீரத்தை நம் மனத்தில் நிறுத்தியது அந்த எண்தான். சதுரங்கப் பலகையிலும் கட்டங்கள் அறுபத்து நான்கு என்பது தற்செயலான பொருத்தமாக இருக்கலாம். எனக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

பழுவேட்டரையர்கள் கதைக்காகப் பிறந்தவர்கள் அல்லர். சோழர்களுக்கு அடங்கிய குறுநிலத் தலைவர்களாகப் பழுவூரிலிருந்து ஆண்டவர்கள். முதலாம் பராந்தகன் அந்தக் குலத்தில் பெண் எடுத்திருக்கிறான். இன்றைக்கு அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று பிரிந்து கிடக்கும் ஊர்களின் கோயில் கற்களில் அவர்கள் பெயர்களைப் படிக்கலாம். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பக்கத்துச் சாலையில் நின்றால் இப்போது குதிரைக் குளம்போசை கேட்பதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் லாரிகளின் சத்தம்தான் ஓயாமல் கேட்கும்.

அந்தக் காலத்துப் பெருமைகளைக் கல்லில் எழுதினார்கள். முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து சோழ அரசர்களுடைய கல்வெட்டுக்களின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்று ஒன்று வருகிறது. அரசன் எந்தெந்த நாடுகளை வென்றான், யாருடைய கப்பல்களை அழித்தான் என்ற வரிசை அது. ஆண்டுகள் ஏற ஏற வெற்றிகளும் ஏறும். கல்வெட்டின் முகப்பு நீண்டுகொண்டே போகும். சரித்திர ஆராய்ச்சி செய்கிறவர்கள் மெய்க்கீர்த்தியின் நீளத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு ஊகித்து விடுவார்கள். அது வளரத் தெரிந்த இலக்கியம், குறையத் தெரியாது. போன வருஷம் வென்ற நாட்டை இந்த வருஷம் இழந்தோம் என்று எந்த மெய்க்கீர்த்தியும் பாடியதில்லை. விழுப்புண் கணக்கும் அப்படியேதான். அறுபத்து நான்கு அறுபத்தைந்து ஆகலாம். அறுபத்து மூன்று ஆகாது.

சதுரங்கக்காரர்களின் ரேட்டிங் என்பது, நான் புரிந்துகொண்ட வரையில், குறையத் தெரிந்த மெய்க்கீர்த்தி. அதில்தான் அதன் நேர்மை இருக்கிறது. நமக்கு அதனால் வரும் தொந்தரவும் அதிலேயேதான் இருக்கிறது.

இந்தக் கணக்கை உண்டாக்கியவர் அர்பாத் ஈலோ என்பவர். 1903-ல் ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய், மில்வாக்கி நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். தாமும் நல்ல ஆட்டக்காரர். விஸ்கான்சின் மாநிலப் போட்டியில் எட்டு முறை முதலாவதாக வந்தவர். அவருடைய கணக்கை அமெரிக்கச் சதுரங்கச் சங்கம் 1960-லும், உலகச் சதுரங்கச் சம்மேளனமான பிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்னால் ஒருவனை வல்லவன் என்று சொல்லப் பட்டங்கள் இருந்தன. நம் மானுவல் ஆரன் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனபோது அவருக்குப் பட்டம் இருந்தது. உலகச் சம்மேளனம் கொடுத்த எண் என்று ஒன்றும் இருந்திருக்க முடியாது.

கணக்கு ஒன்றும் பயப்படும்படியானதல்ல. இரண்டு பேருடைய எண்ணும் சமமாக இருந்தால், நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு ஐம்பது புள்ளி எடுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். இருநூறு வித்தியாசம் இருந்தால் உயர்ந்தவர் எழுபத்தாறு எடுப்பார். நானூறு வித்தியாசம் என்றால் சுமார் தொண்ணூற்றொன்று. ஆட்டம் முடிந்ததும் எதிர்பார்த்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தவனுக்கு அந்த அளவுக்குக் கூட்டுகிறார்கள். குறைவாக எடுத்தவனுக்குக் கழிக்கிறார்கள். ஆகையால் 1,600 உள்ளவன் 1,800 உள்ளவனிடம் தோற்றால் அவனுக்கு நஷ்டம் சொற்பம். ஜெயித்தால் லாபம் மூன்று மடங்குக்கு மேல். சும்மா சமமாக முடித்தாலே கொஞ்சம் கிடைக்கும். வலியவனோடு மோதத் துணிந்தவனுக்குச் சாதகமான கணக்கு. பௌதிகப் பேராசிரியர் என்றாலும் மனுஷனுக்குத் தர்மம் தெரிந்திருக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். 1,600 என்ற எண் தனியாக நின்றால் அதற்கு அர்த்தமே கிடையாது. உலகத்தில் ஆடுகிற எல்லோருக்கும் நாளைக் காலையில் ஆயிரம் கூட்டிவிட்டால் ஒன்றும் மாறாது. வித்தியாசம் அப்படியே இருக்கும். எடையும் உயரமும் ஒருவனுடைய உடம்பில் இருக்கின்றன. ரேட்டிங் ஒருவனிடத்தில் இல்லை; இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. அது முடிந்துபோன காரியத்துக்குக் கொடுத்த பதக்கமும் அல்ல. நாளைய ஆட்டம் எப்படிப் போகும் என்று சொல்லுகிற ஜோசியம். நல்ல ஜோசியம்தான், ஆனாலும் ஜோசியம். ஈலோவே தம்முடைய வேலையைப் பற்றிப் பேசும்போது, தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் தக்கையைக் காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு அதை ஒப்பிட்டிருக்கிறார். அளவுகோல் செய்தவருக்கு இருந்த இந்த அடக்கம் அதை வாங்கி உபயோகிக்கிறவர்களுக்கு இல்லை.

2024 மார்ச் மாதத்தில் பிடே ஒரு திருத்தம் செய்தது. இரண்டாயிரத்துக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோருக்கும், இரண்டாயிரத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு கூட்டிக் கொடுத்தார்கள். அதுவரை ஆயிரமாக இருந்த பையன் பொழுது விடிந்ததும் 1,400 ஆகிவிட்டான். இராத்திரி தூங்கியதைத் தவிர அவன் வேறொன்றும் செய்யவில்லை. கணக்கில் வந்திருந்த சில கோணல்களை நிமிர்த்துவதற்காகச் செய்தது அது, தவறென்று சொல்லவில்லை. ஆனால் அன்று எத்தனை வீடுகளில் கேசரி கிளறியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற எண் என்றேன். அந்த இருவரும் யார் என்பதைப் பொறுத்து அது எங்கேயும் போகும். இதற்கு ஓர் உதாரணம், எந்த நாவலாசிரியனும் துணிந்து கற்பனை செய்ய முடியாதது, அமெரிக்காவில் நடந்தது. கிளாட் பிளட்குட் என்பவர் தாயைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனை பெற்று, பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, வர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்தவர். சிறையில் சக கைதிகளுடன் முறைப்படி பதிவுசெய்த ஆட்டங்களை ஆயிரக்கணக்கில் ஆடினார். வெளி உலகத்து ஆட்டக்காரன் ஒருவனும் அந்தச் சுவருக்குள் வரமாட்டான். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார்; எண் ஏறிக்கொண்டே இருந்தது. 1996-ல் அது 2,702 ஆகி, அமெரிக்காவிலேயே இரண்டாவது பெரிய எண்ணாக நின்றது! இப்படி அடைபட்ட கூட்டத்துக்குள் எண் வீங்கிவிடும் என்று அவரே முன்பு சங்கத்துக்கு எழுதியிருந்தாராம். அவர் ஒரு கட்டத்தில்கூட விதியை மீறவில்லை என்றே வைத்துக்கொள்ளுவோம். கணக்கும் தப்பவில்லை. வெளிக்காற்று வரவில்லை, அவ்வளவுதான். ஒரே ஊரில், ஒரே கூட்டத்தில், ஒரே பத்திரிகையில் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு 2,702 ஆகிவிட்ட எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

கீழப்பழுவூரில் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் இருக்கிறார். லாரித் தொழில். அவருடைய மகன் பத்தாவது படிக்கிறான். 2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் பற்றிக்கொண்ட ஜுரம் அவனையும் பற்றியது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் விட்டது, இவனுக்கு விடவில்லை. விடியற்காலையில் பஸ் ஏறித் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போய்ப் போட்டிகளில் ஆடினான். ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், பஸ் செலவு, சாப்பாடு. கூடப் போகிறவருக்கு அன்றைய வேலை போகும். கிராமத்துப் பையனுக்கு எண் என்பது இப்படித்தான் வருகிறது. ஏற்கெனவே எண் உள்ளவர்களுடன் குறைந்தது ஐந்து ஆட்டமாவது ஆடியிருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். கீழப்பழுவூர்க் கடைத்தெருவில் அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது?

சிரமப்பட்டுக் கடைசியில் 1,688 வரை ஏறினான். அதைக் கேட்டுக் குளிர்ந்துபோன அவன் தாய்மாமன் ஒரு காரியம் செய்தார். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடி பிளெக்ஸ் தட்டி வைத்துவிட்டார். நடுவில் பையன் மோவாயில் கைவைத்துக்கொண்டிருக்கிற படம். மேலே, 'பழுவூரின் சதுரங்கச் சிங்கம்.' கீழே, படத்தைவிடப் பெரிதாக, '1688.' நான் போயிருந்தபோது அந்தத் தட்டி வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. பையன் ஐந்து மாதமாக ஒரு போட்டிக்கும் போகவில்லை.

"நீயே கேளு தம்பி. பணம் கட்டறேங்கறேன். வேணாங்கறான்" என்றார் அண்ணா.

நான் கேட்டேன்.

"இப்ப ஆட வேணாம் சித்தப்பா. ஆடினா எறங்கிடும்" என்றான்.

"இறங்கினால் என்ன?"

அவன் பதில் சொல்லவில்லை. திண்ணையிலிருந்து பார்த்தால் அந்தத் தட்டியின் முதுகுப்பக்கம் தெரிந்தது. அவன் கண் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"சரி, என்னோடு ஒரு ஆட்டம் ஆடுகிறாயா?" என்றேன்.

"இது கணக்குல வராதில்ல சித்தப்பா?" என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பலகையை எடுத்துவந்தான்.

எனக்கு ஏதோ சுமாராக ஆடத் தெரியும். பதினைந்தாவது நகர்த்தலுக்குள் பையன் தன்னுடைய ராணியைத் தூக்கி என் சிப்பாய்க்கு முன்னால் வைத்தான். எடுக்காமல் இருக்க முடியவில்லை, எடுத்தேன். பிறகு அவனுடைய இரண்டு குதிரைகளும் ஒரு மந்திரியும் சேர்ந்து என் ராஜாவைச் சந்து சந்தாக விரட்டிய விரட்டு இருக்கிறதே, தோற்றுக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தோஷமாயிருந்தது. அவன் முகத்தில் ஐந்து மாதத்துக் களை மறைந்து போயிருந்தது. உள்ளே இருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "இன்னிக்குத்தான் சிரிக்கிறான்" என்றாள்.

இந்தப் பையனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய தகப்பனார் போட்ட பணமும், விடியற்காலை பஸ்ஸும், அம்மா கட்டிக்கொடுத்த சோறும் அந்த நான்கு இலக்கத்தில் கெட்டிப்பட்டிருக்கின்றன. முதல் போட்டவன் முதலைக் காப்பான். ஒரு குடியானவன் விதைநெல்லைப் பானையில் மூடி வைத்தால் அதைக் கஞ்சத்தனம் என்போமா? ஆனால் விதைநெல்லை எந்தப் பருவத்திலும் விதைப்பதில்லை என்று வைத்துவிட்டால்? எண் நாளைய ஆட்டத்தைப் பற்றிய ஜோசியம் என்று மேலே சொன்னேன். நாளைக்கு ஆட்டமே இல்லை என்று ஆகிவிட்டால் அந்த ஜோசியம் எதைப் பற்றியது? கல்யாண வீட்டில் மாட்டியிருக்கும் தாத்தாவின் இளமைக்காலப் போட்டோ மாதிரி, ஒரு காலத்தில் அது உண்மை. பையனுடைய 1,688-ஐ அழித்தது தோல்வி அல்ல; அதைத் தட்டியில் எழுதியதே அழித்துவிட்டது. குறையத் தெரிந்த ஒன்றைக் குறையாத கல்வெட்டாக்கி நிறுத்திவிட்டார் தாய்மாமன். ஊருக்குள்ளே ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. அவருக்கு வேறென்ன மாதிரி தோன்றும், பாவம்!

வள்ளுவர் படைச்செருக்கைப் பற்றிச் சொல்லும் அதிகாரத்தில் ஒரு வீரன் வருகிறான். கழிந்த நாட்களை எண்ணிப் பார்த்து, விழுப்புண் படாத நாளையெல்லாம் வீணான நாளாகத் தள்ளிவிடுகிறவன். முன்பு படித்தபோது, இது மிகையான வீரம் என்று எனக்கு ஒரு எண்ணம். இந்தப் பையனைப் பார்த்த பிறகு அந்த வீரனிடம் வேறொன்று தெரிகிறது. காயம் படக்கூடிய இடத்தில் நிற்காத நாளில் தான் யார் என்பதே தனக்குத் தெரியாது என்கிறான் அவன்.

உச்சாணியில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவர் யார் என்று முடிவு செய்யும் போட்டிக்கு எட்டுப் பேர் தேர்வாவார்கள். 2024-ல் நடந்த அந்தப் போட்டிக்கு ஓர் இடம் ரேட்டிங்கை வைத்து ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்துக்குச் சில புள்ளிகள் குறைவாக இருந்த அலிரேசா ஃபிரூஸ்ஜா என்ற மகா கெட்டிக்கார இளைஞருக்காக 2023 டிசம்பரில் பிரான்ஸில் அவசர அவசரமாகச் சில பந்தயங்கள் ஏற்பாடாயின. எதிரில் உட்கார்ந்தவர்கள் ஆட்டத்தின் உச்சக் காலத்தைக் கடந்த பெரியவர்கள். பிடே அந்த ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டது. பிறகு அவர் ரூவான் நகரத்தில் நடந்த பொதுப் போட்டி ஒன்றில் போய் ஏழுக்கு ஏழு ஜெயித்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதே டிசம்பரில் சென்னையிலும் ஒரு போட்டி அவசரமாகத்தான் ஏற்பாடாயிற்று. நம் குகேஷுக்கும், அர்ஜுன் எரிகைசிக்கும் வேறொரு கணக்கின்படி புள்ளிகள் தேவைப்பட்டன. தமிழ்நாட்டு அரசின் ஆதரவோடு நடந்த அந்தப் போட்டியில் குகேஷ் வென்றார். அதன் பலனாகவே தேர்வானார். நம் வீட்டுப் பிள்ளை என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளலாமா? மூடிக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: அங்கே தோற்பதற்கு இடம் இருந்ததா? சென்னையில் இருந்தது. வந்து ஆடியவர்கள் பல்லுப்போன புலிகள் அல்லர். குகேஷும் அர்ஜுனும் சமமான புள்ளிகளோடு முடித்து, அதற்கு மேலும் கணக்குப் பார்த்துத்தான் முதலிடம் யாருக்கு என்று தீர்ந்தது. தோல்வி வீட்டுக்குள் வரக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாங்கிய வெற்றி அது. பிரான்ஸ்காரர்களின் முதல் ஏற்பாட்டில் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

எண்ணைக் காப்பாற்றுகிறவர்கள் ஒரு ஜாதி என்றால், அதை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ஜாதி. 1,600-க்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று நம் நாட்டில் தனியாகப் பரிசுப் போட்டிகள் நடத்துவதுண்டு. பரிசுத் தொகையும் கணிசமாக இருக்கும். சிறியவர்களுக்கும் ஒரு வாய்ப்பு என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் 1,590-ல் நிற்கும் ஒருவனுக்கு, இன்றைய ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த மாதத்துப் பரிசு போய்விடும் என்று ஒரு யோசனை வராமல் இருக்குமா?

இப்போது நகரங்களில் பிக்கிள்பால் என்று ஓர் ஆட்டம் பரவுகிறது. 1965-ல் அமெரிக்காவில் பெயின்பிரிட்ஜ் தீவில் சில குடும்பத்துப் பெரியவர்கள் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக உண்டாக்கியது. மட்டையும், ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் பந்துமாக, டென்னிஸுக்கும் மேஜைப் பந்துக்கும் நடுவில் ஒரு தினுசு. டாக்டர் நடக்கச் சொன்ன மத்திய வயதுக்காரர்கள் நடப்பதற்குப் பதில் இதை ஆடுகிறார்கள். அதற்கும் டி.யு.பி.ஆர். என்று ஒரு எண் வந்துவிட்டது. இரண்டிலிருந்து எட்டு வரை; அதுவும் தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்! சாயங்காலம் தொப்பை குறைய ஆட வந்த மனிதர், 3.412 என்பது 3.398 ஆகிவிட்டதே என்று இராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுக்கிறார். அங்கேயும் கீழ்ப்பிரிவுக் கோப்பைக்காக எண்ணைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு வசவுச் சொல்லே ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஜெயித்தானா தோற்றானா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்றும் பார்க்கிறார்கள். வலியவனிடம் இழுத்துப் பிடித்துத் தோற்றவனுக்கு அதில் ஒரு மரியாதை இருக்கிறது. சதுரங்கத்தில் எட்டாவது நகர்த்தலில் தோற்றாலும், எண்பதாவது நகர்த்தலில் தோற்றாலும் ஒரே பூஜ்யம்.

குறைகிற எண்ணோடு எப்படி வாழ்வது என்பதற்குச் சென்னைக்காரர் ஒருவரையே பார்க்கலாம். விசுவநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தப் பட்டம் ஆயுளுக்கும் உண்டு, மெய்க்கீர்த்தி ரகம். ஆனால் அதற்கு முன்பே, 1986 ஜூலையிலேயே, இந்தியர்களின் ரேட்டிங் பட்டியலில் அவர் முதலிடத்துக்கு வந்துவிட்டார். 2011-ல் 2,817 வரை ஏறினார். 2023 செப்டம்பர் மாதப் பட்டியலில், முப்பத்தேழு வருஷங்களுக்குப் பிறகு, அவரை இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு ஒரு பதினேழு வயதுப் பையன் முதலிடத்தில் இருந்தான். தள்ளியவன் குகேஷ்; ஆனந்திடமே ஆலோசனை கேட்டு வளர்ந்தவன். ஆனந்த் தம்முடைய எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தால், ஆடாமல் இருந்திருக்கலாம். பேசாமல் தட்டியாகி நின்றிருக்கலாம். அவர் ஆடினார். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கியதை ஒருவரும் அவமானமாக நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் 2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனான். அன்றைக்கு ஒரு வேடிக்கை. உலகச் சாம்பியனான குகேஷின் எண் 2,783. அர்ஜுனுடைய எண் 2,801. உலகத்துக்கே முதல்வன், சொந்த நாட்டுப் பட்டியலில் இரண்டாவது! உலகப் பட்டியலில் முதலாவதாக இருந்த கார்ல்சன் அந்தப் பந்தயத்துக்கே வரவில்லை. யார் பெரியவர் என்று கேட்டால் எண் ஒன்று சொல்லுகிறது, மகுடம் ஒன்று சொல்லுகிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. பதினான்கு நாள் ஆட்டத்தில், கடைசி நாளின் கடைசி நேரத்தில், எதிராளியின் கை தவறும் என்று எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது?

நம் பள்ளிக்கூட மார்க்குகளோடு ஒப்பிட்டால் ரேட்டிங் எவ்வளவோ கருணையுள்ளது என்று எனக்குத் தோன்றுகிறது. பதினேழு வயதில் வாங்கிய மார்க்கு நாற்பது வயதிலும் கூட வருகிறது. அதை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தை 2017-ல் அரசாங்கம் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் மார்க்கு அப்படியேதான் இருக்கிறது. கல்லூரியில் பட்டம் வரை போகாமல் நடுவழியிலேயே எழுதப் புகுந்துவிட்டவன் நான், என்னைப் பார்த்து, "அதுவரைதானா?" என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. சதுரங்கத்தில் யாரும் அப்படிக் கேட்க முடியாது. போன மாதம் எத்தனை என்பது போன மாதத்தோடு போயிற்று.

ஆனால் எண்ணே இல்லாதவர்கள்? திருச்சிக்குப் பஸ் ஏற முடியாதவர்கள், ஐந்து ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காதவர்கள், டீக்கடைப் பலகையில் கரிக்கோடு போட்டு ஆடுகிறவர்கள்? பட்டியல் அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றும் சொல்லுவதில்லை, மூடர்கள் என்றும் சொல்லுவதில்லை. அவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. போட்டிக்காரர்கள் இவர்களைக் கண்டால் நடுங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்தை அடுத்துத் திருப்பூவனூர் என்று ஓர் ஊர். அங்கே சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். தல வரலாறு சொல்லுகிற கதை இது. சதுரங்கத்தில் தன்னை வெல்ல ஆளில்லாத ராஜகுமாரி ஒருத்தி; அவளை ஜெயிப்பவனுக்கே அவளைக் கொடுப்பதென்று தகப்பன் செய்த சங்கல்பம். அரசர்கள் ஒருவராலும் முடியவில்லை. தல யாத்திரையாகப் பூவனூருக்கு வந்த இடத்தில், எங்கிருந்தோ வந்த ஒரு கிழவர் எதிரில் உட்கார்ந்து ஆடி ஜெயித்துவிட்டார். வந்தவர் சிவபெருமான்.

பிடேயின் விதிகளை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தைக் கணக்குப் பார்த்தேன். எண் இல்லாதவரோடு ஆடிய ஆட்டம் எண் உள்ளவருடைய கணக்கில் சேராது. கிழவருக்கோ எண் கிடையாது. அதற்கு இன்னும் நான்கு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். ராஜகுமாரிக்கு அன்று என்னவெல்லாமோ நேர்ந்தது. ரேட்டிங்கில் மட்டும் ஒரு புள்ளி குறைந்திருக்காது.